தண்ணி உள்ள வந்துடுச்சு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தத் தீவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. தள்ளாத கிழவர்களுக்கும் அவள் மைக்கக்காதான், பேசப் பழகும் குழந்தைகளுக்கும் மைக்கக்காதான். சந்தைத் தெருவில் ஊர்ச்சபை அலுவலகத்தின் மாடியறையில் உட்கார்ந்து, குடிநீர் எத்தனை மணிக்கு வரும், கரண்டு எப்போது போகும், யார் வீட்டு ஆடு காணாமல் போனது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. கடலும் வானமும் என்ன செய்யப் போகின்றன என்று சொல்வதும் அவள் வேலையே.

சின்ன அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தாள். மேசையில் ஒரு மைக், கரையிலுள்ள வானிலை நிலையத்தோடு பேச ஒரு வயர்லெஸ், வரைபடம் காட்டும் ஒரு திரை. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். அவள் பேசினால் தீவில் நான்கு இடங்களில் கம்பத்தின் மேலுள்ள கூம்புக் குழாய்கள் பேசும். சந்தைத் தெரு, படகுத்துறை, காப்பகத்து மேடு, கடைசியாகக் கீழ்க்கரை. கீழ்க்கரைக் குழாய் தூரத்தில் இருந்ததால் அவள் குரல் அங்கிருந்து ஒரு மூச்சு தாமதமாகத் திரும்பி வரும். யாரோ கிண்டலாகத் தன்னைப் போலவே பேசிக் காட்டுவது மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அது முடியும்வரை காத்திருந்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்கப் பழகிவிட்டாள்.

கரையிலிருந்து வரும் அறிக்கை ஒரு மாதிரித் தமிழில் இருக்கும். 'கடல் மட்டம் சராசரியைவிட உயரக்கூடும்' என்று இருந்தால், அவள் 'முழங்காலுக்கு வரும், அடுப்பை மேல தூக்கி வச்சுக்குங்க' என்று சொல்வாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. இந்த அளவுகள் எல்லோருக்கும் புரிந்தன.

அந்த வருடம் இரண்டு முறை புயல் வருகிறது என்று சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டிலிருக்கும் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு முறையும் புயல் வேறு பக்கம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் காயப்போட்டிருந்த மீனை நாய்கள் இழுத்துப் போட்டிருந்தன. ஜன்னலுக்கு நேர் எதிரே கடை வைத்திருந்த முடிதிருத்துபவர், "மைக்கக்கா வாயைத் திறந்தா புயலே பயந்து ஓடிடுது" என்று சொல்லப் போக, தீவு முழுக்க அதையே சொல்லிச் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அன்று காலை அறிக்கையில் மஞ்சள் நிறம். புயல் ஒன்று தொலைவில் இருக்கிறது, தீவை விட்டு விலகிப் போகும், கவனமாக இருந்தால் போதும் என்று பொருள். குடிநீர் நேரத்தைச் சொன்ன கையோடு அதையும் சொல்லிவிட்டாள். அவள் கணவன் கரைக்குப் போகும் பயணப் படகை ஓட்டுகிறவன், வழக்கம்போல் போயிருந்தான். ஏழு வயது மகள் அன்று அரை நாள் பள்ளி விட்டதும் கீழ்க்கரையில் சித்தப்பாவின் பட்டறைக்குப் போயிருந்தாள். சித்தப்பா படகு இஞ்சின் பழுது பார்ப்பவன். குளித்தாலும் போகாத வாசனையால் அவனுக்கு டீசல் என்று பெயர். மகள் தரையில் கிடக்கும் நட்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி டப்பாவில் சேர்ப்பதால் அவன் அவளை நட்டு என்று கூப்பிடுவான்.

மதியச் சாப்பாட்டை முடித்துக் கையைத் துடைக்கும்போது வயர்லெஸ் கரகரத்தது. கரையில் பேசுகிறவள் வானிலை நிலையத்து இளம்பெண். நேரில் பார்த்ததே இல்லை. குரலால் மட்டும் அக்கா தங்கச்சி ஆகியிருந்தார்கள்.

"அக்கா, உக்காந்திருக்கீங்களா?"

அவள் துண்டைக் கீழே வைத்தாள். "சொல்லு."

"திரும்பிடுச்சுக்கா. நேரா உங்களைப் பாத்து வருது. சிவப்பு குடுத்துட்டோம்."

"எப்ப வரும்?"

"இருட்டறதுக்குள்ள. கடல் ஏறுற நேரமும் அதுதான். ரெண்டும் ஒண்ணா சேருது." தங்கச்சி தாளைப் புரட்டுவது கேட்டது. "கீழ்க்கரைக்கு ஆள் உயரத்துக்கு வரும். இந்தத் தடவை தப்பாதுக்கா. தப்பணும்னு நானும் எல்லாக் கணக்கையும் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்."

"அவரு படகு?"

"துறையை மூடிட்டோம். அண்ணன் இங்கதான் இருக்காரு. உங்களுக்குத்தான் படகு இல்ல. எல்லாரும் காப்பகத்துக்குப் போயிடுங்க."

அவள் மைக்கைப் போட்டாள். கரையில் பயிற்சி கொடுத்தபோது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பதற்றம் தொற்றும், உங்கள் குரல் சமமாக இருக்கட்டும். அப்படியே சமமாகச் சொன்னாள். புயல் திரும்பிவிட்டது, கீழ்க்கரையில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வரும், எல்லோரும் இப்போதே மேட்டு ரோடு வழியாகக் காப்பகத்துக்குக் கிளம்புங்கள். கீழ்க்கரையிலிருந்து அவள் குரல் திரும்பி வந்து, கிளம்புங்கள், என்றது.

ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. முடிதிருத்துபவர் ஒருவர் முகத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார், பிரஷ்ஷோடு கையை ஆட்டினார், குனிந்துகொண்டார். தையல் மிஷின் சத்தம் நிற்கவில்லை. குடிநீர் நேரத்தைச் சொன்ன அதே குரல், ஆட்டைத் தேடிய அதே குரல்தானே. காதில் விழுந்தது, வழிந்து போய்விட்டது.

அவள் கொழுந்தன் டீசலுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நட்டுவைக் கூட்டிக்கிட்டு உடனே மேட்டுக்குப் போ."

"அண்ணி, இங்க வெயில் மண்டையைப் பொளக்குது. ஒரு இஞ்சினைப் பிரிச்சுப் பரப்பி வச்சிருக்கேன், பாதியில போட்டா ஒரு சாமானும் சேராது. போன தடவை உங்க பேச்சைக் கேட்டுப் போய் விடிய விடிய கொசுவுக்கு விருந்து வச்சேன்."

"விளையாடாத. இது நிஜம்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க." அவன் சிரித்தான். அவள் கூடச் சேர்ந்து சிரிக்காததைக் கவனித்து நிறுத்தினான். "சரி அண்ணி. மூட்டிட்டுக் கிளம்பிடறேன். கொஞ்ச நேரம்."

மறுபடி அறிவித்தாள். மறுபடியும். கைக்குழந்தைக்காரர்கள் சிலர் பையோடு மேடு நோக்கிப் போனார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். திரையில் சிவப்பு வட்டம் தீவைத் தொடும் அளவுக்கு வந்திருந்தது. ஒரு கொலைகாரன் தெருவில் நடந்து வருவதைத் தான் ஒருத்தி மட்டும் பார்க்கிறாள், சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு தனிமையை அவள் அதுவரை அனுபவித்ததில்லை.

பிறகு வெளிச்சம் மாறியது. தென்புறம் வானம் அடிபட்ட இடம் கன்றுவது போல் கருத்தது. காற்று வரவில்லை. தெருநாய்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தன. தங்கச்சி வயர்லெஸ்ஸில், "நினைச்சதை விட வேகமா வருதுக்கா, சொல்லிக்கிட்டே இருங்க" என்றாள். அவள் மைக்கை அணைக்காமலேயே தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினாள். அப்போது போன் அடித்தது. டீசலின் எண். முதல் காற்று ஜன்னலில் அறைந்ததால் ஒன்றும் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"அம்மா" என்றது மகளின் குரல்.

சந்தைத் தெருவில் கம்பத்தின் மேலிருந்தும் "அம்மா" என்றது. ஒரு மூச்சு கழித்துக் கீழ்க்கரையிலிருந்தும்.

அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. "எங்கடா இருக்க?"

"பட்டறையில. அம்மா, தண்ணி உள்ள வந்துடுச்சு. என் செருப்பு மிதக்குது. சித்தப்பா வெளிய பாத்துட்டு வரேன்னு போனாரு. இன்னும் வரல. கதவு திறக்க மாட்டேங்குது. அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நீ வா."

இணைப்பு அறுந்தது. தூரத்துக் குழாய் மட்டும் "நீ வா" என்று சொல்லி முடித்தது.

அப்போதுதான் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெரு முழுக்க நின்றிருந்தது. தையல் மிஷின் நின்றிருந்தது. முகத்தில் பாதி நுரையோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அது என் பொண்ணு" என்றாள் மைக்கில். சமமான குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "கீழ்க்கரையில தண்ணி வந்துடுச்சு. கேட்டீங்கள்ல. எனக்குப் பயமா இருக்கு. கிளம்புங்க. தயவுசெஞ்சு கிளம்புங்க."

தீவு கிளம்பியது. கதவைப் பூட்டாமல், செருப்பு போடாமல், குழந்தைகளைக் கோணிப்பை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளும் எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது. படியில் பாதி இறங்கிவிட்டாள். அவள் மனதில் மிதக்கும் அந்தச் சின்னச் செருப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

படியின் வளைவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் படகுத்துறைப் பக்கம் தெரியும். அங்கிருந்து ஓடி வருகிறவர்கள் மேட்டு ரோட்டுக்குத் திரும்பாமல் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓடையின் மேல் ஒரு மரப்பாலம். காப்பகத்துக்கு அதுதான் குறுக்கு வழி. கடல் ஏறினால் ஓடைதான் முதலில் நிறையும் என்று எல்லோருக்கும் தெரியும். பயத்தில் ஒருவருக்கும் நினைவில்லை.

அவள் அங்கேயே நின்றாள். கீழே போனால் மகளிடம் போகலாம். போய்ச் சேர முடியுமா என்று தெரியாது. மேலே போனால் இவர்களைத் திருப்பலாம். எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. கால்கள் இறங்கத்தான் பார்த்தன. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு உடம்பைப் பிடித்து இழுப்பது போல மேலே ஏறினாள்.

"ஓடைப் பக்கம் போகாதீங்க. பாலம் முங்கிடும். மேட்டு ரோட்டுல போங்க."

மைக்கோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள், தெருக்கோடியில் ஓடைத் திருப்பம் தெரிந்தது. கூட்டம் தயங்கியது, திரும்பியது. ஒரு ஜோடி மட்டும் திரும்பவில்லை. படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் பெரியவரும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்கு முட்டிவலி, கைத்தாங்கலாகத்தான் நடப்பார்.

"டிக்கெட்டு மாமா, அந்த வழி வேணாம். திரும்புங்க மாமா."

அவர் நின்று அருகிலிருந்த குழாயைப் பார்த்தார், நேரே அவள் முகத்தைப் பார்ப்பது போல. மனைவியின் காலைக் கையால் சுட்டிக் காட்டினார். அவ்வளவு தூரம் இவளால் முடியாதம்மா என்று சொல்வது மாதிரி இருந்தது. பிறகு மனைவியின் தோளை அணைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார். அவள் மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தென்னைகள் மறைத்துவிட்டன.

மழை கல்லை வாரி வீசுவது போல விழுந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஏதோ ஒன்று குறைவதாகப் பட்டது. என்னவென்று சற்று நேரம் பிடிபடவில்லை. வாக்கியம் முடிந்து காத்திருக்கும்போதுதான் புரிந்தது. கீழ்க்கரையிலிருந்து அவள் குரல் திரும்பி வரவில்லை. அங்கே குழாயின் பேட்டரிப் பெட்டி கம்பத்தில் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவளுடைய மகளின் தலை அந்த உயரத்துக்கு எட்டாது.

வயர்லெஸ்ஸில் தங்கச்சி, "அக்கா, இருக்கீங்களா, பேசுங்கக்கா" என்று அழுதுகொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. முடிதிருத்துபவர் மூச்சிரைக்க நின்றார். கழுத்தில் கடைத் துண்டு அப்படியே தொங்கியது.

"மேட்டுக்குப் போயிட்டுத்தான் திரும்பி வரேன். காப்பகத்துப் படியில நெரிசல், ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க. நாங்க கத்தினா யாரும் கேக்கல. நீங்க சொல்லுங்கக்கா."

"என் பொண்ணு வந்தாளா?"

அவர் தரையைப் பார்த்தார். "நான் பாக்கல."

அவள் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி மைக்கின் முன் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஆட்டைத் தேடும் குரல், குடிநீர் நேரம் சொல்லும் குரல், அதைத் தொண்டைக்குள் தேடி எடுத்தாள். "படியில நிக்கிறவங்க அப்படியே நில்லுங்க. பின்னால இருக்கறவங்க ஒரு அடி பின்னால வாங்க. குழந்தைங்களைத் தலைக்கு மேல தூக்கிக் குடுங்க. இடம் இருக்கு. எல்லாருக்கும் இடம் இருக்கு." அந்தக் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. அவ்வளவு அமைதியாகப் பேசுகிறவள் யார்?

முடிதிருத்துபவர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே அலுவலகத்தில் தண்ணீர் மேசைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுக்கொண்டிருந்தது. "கிளம்பலாம்கா" என்றார். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, காப்பகத்தில் அவசரத்துக்கென்று பூட்டி வைத்திருந்த கைக்கருவியிலிருந்து ஒரு அழைப்பு வயர்லெஸ்ஸில் உறுமியது.

"அண்ணி." டீசலின் குரல். "நட்டு இங்க இருக்கா. உயிரோட இருக்கா. என்னைத் திட்டறதுன்னா நேர்ல வந்து திட்டுங்க."

அவள் மைக்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

அவளும் முடிதிருத்துபவரும் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் விடாமல் மேடு ஏறியபோது அந்திக் கருக்கல். நடந்ததை டீசல் காப்பகத்தில் சொன்னான். கடலைப் பார்க்க வெளியே போனவன், திரும்பும் வழியில் தண்ணீர் இழுத்ததால் ஒரு படகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கம்பத்தின் மேலிருந்து நட்டு, சித்தப்பா இன்னும் வரல என்று ஊருக்கே சொன்னாள். அதைக் கேட்டபின் எப்படி நீந்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஜன்னலை உடைத்து அவளை எடுத்தான். படகின் ஓரத்தில் கட்டும் லாரி டியூபில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தான். சொல்லும்போது எப்போதும்போலச் சிரிக்கப் பார்த்தான், உதடு கோணிக்கொண்டது.

டிக்கெட்டு மாமாவையும் அவர் மனைவியையும் தண்ணீர் வடிந்தபின் கண்டெடுத்தார்கள். தோளை அணைத்த கை அப்படியே இருந்ததாகச் சொன்னார்கள். அவள் போய்ப் பார்க்கவில்லை. காப்பகத்துப் படி நெரிசலில் தையல்காரர் மனைவிக்குக் கை முறிந்தது. மற்றபடி கீழ்க்கரையில் வீடு ஒன்றும் மிஞ்சவில்லை, ஆட்கள் எல்லோரும் மிஞ்சினார்கள்.

சில வாரம் கழித்துத் தங்கச்சி வயர்லெஸ்ஸில் தயங்கித் தயங்கிப் பேசினாள். அவள் மைக்கில் போவதெல்லாம் கரையிலும் பதிவாகுமாம். மகள் பேசியதும் பதிவாகியிருக்கிறது. அடுத்த முறை சிவப்பு வந்தால் அதையே எல்லாத் தீவுகளிலும் போடலாமா என்று மேலே கேட்கிறார்களாம். "அதைக் கேட்டா ஜனங்க நகர்றாங்கக்கா. நாங்க எவ்வளவு துல்லியமா சொன்னாலும் நகர மாட்டேங்கறாங்க."

வீட்டில் சொன்னாள். டீசல், "உயிர் பொழைக்கும்னா போடட்டுமே அண்ணி" என்றான். கணவன் மகளைப் பார்த்தான். நட்டு அதுவரை மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தாள். புயலுக்குப் பிறகு அவள் போன் எடுப்பதில்லை, அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். அங்கிருந்தபடியே கேட்டாள்.

"கம்பத்துல நான் கத்தும்போது நான் எங்கம்மா இருப்பேன்?"

மறுநாள் அவள் கரைக்குச் சொல்லிவிட்டாள். "வேண்டாம். அதுல ஒரு குழந்தை பயந்துக்கிட்டிருக்கு. அவளைத் தினம் தினம் அங்க உக்காத்தி வைக்க முடியாது. என் குரல் இருக்கு. பயமா இருந்தா பயமா இருக்குன்னு நானே சொல்றேன்."

அடுத்த சிவப்பு சீக்கிரமே வந்தது. மகள் அவளை விட்டுப் பிரியமாட்டேன் என்று மாடியறைக்கே வந்து, மேசைக்குக் கீழே அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் மைக்கைப் போட்டு மூச்சை இழுத்தாள். அந்த மூச்சுச் சத்தத்துக்கே தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தீவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை.

அந்தப் புயல் வரவில்லை. மழையை மட்டும் கொட்டிவிட்டு வேறெங்கோ போனது. காலையில் எல்லோரும் காப்பகத்திலிருந்து இறங்கி, ஈரப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஒருவர்கூடக் கேலி பேசவில்லை. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். இந்த நம்பிக்கை இன்னும் எத்தனை தடவைக்குத் தாங்கும் என்று எண்ணிப் பார்த்தாள். என்றாவது ஒரு நாள் யாராவது மறுபடி சிரிப்பார்கள், மறுபடி வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும். அவள் கையை இறுக்கினாள். "வலிக்குதும்மா" என்றாள் மகள்.